கைக்கு வந்த வேலை

அம்மாவை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், சிவன் கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா தனியார் பஸ்ஸில் டிரைவர். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். தம்பி ரொம்பச் சின்னவன். அம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அது முடிவாகிவிட்டது.

ஊசி போட வந்த நர்சம்மா ஒருநாள் நான் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து என் பக்கமாக உருட்டினால் வலிக்காது என்று என் கைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கஞ்சி எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதும் அப்படித்தான். அம்மா கேட்பதற்கு முன்பே, தண்ணீர் கேட்கப் போகிறாளா, காலை நீட்டிவிடச் சொல்லப் போகிறாளா என்று எனக்குத் தெரிந்துவிடும். கடைசிவரை அம்மாவின் முதுகில் படுக்கைப் புண்ணுக்கான ஒரு சிவப்புகூட வரவில்லை.

அம்மா போன பிறகு தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது. யார் வீட்டிலாவது யாராவது படுத்துவிட்டால், "அந்தப் புள்ளையச் செத்த நேரம் வரச் சொல்லுங்க" என்று ஆள் வரும். நான் போவேன். புண்ணைத் துடைப்பேன், படுக்கையை மாற்றுவேன், சோறு இறங்காதவர்களுக்கு எப்படியாவது நாலு வாய் இறக்கிவிடுவேன். இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் எவ்வளவு லேசாக வருகிறது என்று சொல்வார்கள். உண்மைதான், லேசாகத்தான் வந்தது.

எனக்கு அது பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அருவருப்பு எனக்கு இருந்ததில்லை. மலம் மூத்திரம் அள்ளுவதில் ஒரு கூச்சமும் கிடையாது. தாங்க முடியாமல் இருந்தது வேறு. படுத்திருப்பவரின் கண் எப்போதும் என் மேலேயே இருக்கும். நான் கதவுப் பக்கம் போனால் முதுகோடு கூடவே வரும். எப்போது திரும்பி வருவாய் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாம் முடித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றால், அப்படியே தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போய்விடலாமா என்று இருக்கும். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்கும். கை தானாகத் தாவணியை இழுத்துச் செருகிக்கொள்ளும்.

ராஜபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பஞ்சு மார்க்கெட் பக்கம் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தார். அவருடைய அம்மாவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு, எழுந்து நடமாடுவது கஷ்டம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எங்கள் தெருவில் யாரோ என்னைப் பற்றிச் சொல்லித்தான் தேடி வந்திருக்கிறார்கள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து என் கணவரே இதை ஒரு பெருமையைப் போல என்னிடம் சொன்னார்.

அத்தை நல்ல மனுஷி. என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நான் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். அடுத்த நிமிஷமே வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். என் மகள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், பெரியவளாகும்வரை அத்தை அந்தக் கட்டிலில்தான் இருந்தார். மகளின் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. அத்தை இறந்தபோது உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அந்தக் கட்டிலைப் பிரித்து வெளியே எடுத்துப் போட்டோம். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மில்லுக்குப் போனேன். எங்கள் தெருப் பெண்கள் சிலர் நூற்பாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் மில் வேன் வந்து முக்கில் நிற்கும். நானும் வருகிறேன் என்று சொன்னபோது என் கணவருக்கு ஆச்சரியம். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டாயே, கொஞ்ச நாள் ஓய்வாக இரு என்றார். எனக்கு ஓய்வு வேண்டியிருக்கவில்லை.

நூல் நூற்கும் பகுதியில் போட்டார்கள். நீள நீளமான இயந்திரங்கள், வரிசையாகச் சுழன்று நூலைச் சுற்றிக்கொள்ளும் பாபின்கள். எங்காவது இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவு வேலை எனக்கு வரவில்லை. கூடச் சேர்ந்த சின்னப் பெண்கள் நாலைந்து நாளில் பழகிவிட்டார்கள். சுற்றிக்கொண்டிருப்பதை ஒரு விரலால் நிறுத்தி, நுனியைப் பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். என் விரலுக்கு அது பிடிபடவே இல்லை. ஒட்டுவேன், திரும்பவும் அறுந்துவிடும். சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்று, "ஏம்மா, உங்களுக்குக் கை வர மாட்டேங்குதே" என்றார். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கோபமே வரவில்லை. சிரித்துவிட்டேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அங்கே நான் சுமாரான வேலைக்காரிதான். ஆனால் அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் காதில் விழாது. அறுந்த இழை என்னைப் பார்த்துக்கொண்டிருக்காது. ஒட்டினால் போய்க்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் முடிந்து தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்து வெளியே வரும்போது அசதியாக இருக்கும். ஆனால் அந்த அசதி என்னுடையதாக இருந்தது. வேனில் மற்ற பெண்களோடு சேர்ந்து நானும் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவேன். இவ்வளவு பேசுகிறவளா நீ என்று என் மகள் ஒருமுறை கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ரிட்டையர் ஆன பிறகு அவர் தம்பியோடு அதே மடவார் வளாகத்து வீட்டில் இருந்தார். தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கம் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறான். ஒரு காலையில் அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த தண்ணீர்க் குவளை நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மதுரையில் வைத்துப் பார்த்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறினாலும் கவனித்துக் கேட்டால் புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாரோம். நீ வந்துருவல்ல?" அவன் கேட்டது கேள்வி மாதிரி இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது மாதிரி இருந்தது. மில்லில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கை எதையும் மறந்திருக்கவில்லை. அப்பாவைத் திருப்பினேன், துடைத்தேன், ஊட்டினேன். தம்பி மனைவி சமையலையும் துணிமணியையும் பார்த்துக்கொண்டாள். அவள் உள்ளே வந்தாலே அப்பா வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார். மருமகள் முன்னால் அவருக்கு அவ்வளவு கூச்சம். "மாமாவுக்கு என்ன செய்யவும் நான் தயார்தான் மதினி, அவியதான் விட மாட்டேங்காவ" என்று அவள் என்னிடம் வருத்தப்பட்டாள். தம்பி கட்டில் பக்கத்தில் வந்து நிற்பான். எதைத் தொடுவது என்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டிக் குறைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான். அப்பா என் கையில் மட்டும்தான் சாப்பிட்டார். நான் தண்ணீர் எடுக்க எழுந்து போனால்கூட அவர் கண் என்னோடு வந்தது.

லீவு முடியப் போகும் சமயம். ஒரு சாயங்காலம் தம்பி கடையை அடைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ரொம்ப யோசித்து வைத்திருந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னான்.

"அக்கா, பேசாம மில்ல விட்ரு. மாமாவையும் கூட்டிக்கிட்டு இங்கனயே வந்துரு. அப்பா உன் கைக்குத்தான் அடங்குதாரு. உனக்கும் இது ஒண்ணும் கஷ்டமில்லல்ல."

"கஷ்டமில்லடா," என்றேன். "கை அதுபாட்டுக்குச் செய்யும். ஆனா எனக்குப் பிடிக்கல. அம்மாவுக்குச் செஞ்சப்பவும் பிடிக்கல. எங்க அத்தைக்குச் செஞ்சப்பவும் பிடிக்கல. கைக்கு வாரதெல்லாம் பிடிச்சா வருது?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுபோனது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்குச் செய்யவா பிடிக்கல?"

"அப்பாவப் பிடிக்கும். இந்த வேலை பிடிக்காது."

"பொறவு எதுக்கு இம்புட்டு வருஷமாச் செஞ்ச?"

"யாரும் கேக்கல," என்றேன்.

அவன் செம்புக்கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன தன் விரல்களைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் சொன்னது, தனக்குப் பயமாக இருக்கிறது என்பதுதான். மோட்டார் என்றால் கழற்றிப் பார்த்துவிடலாம், உயிரோடு இருக்கிற உடம்பைத் தொட்டு எங்காவது நோகடித்துவிட்டால் என்ன செய்வது என்றான். நான் சொல்லித் தருகிறேன், வார விடுப்பில் வருகிறேன் என்றேன். பக்கத்து அறையில்தான் அப்பா படுத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. பேசி முடித்துவிட்டு உள்ளே போனபோது அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிற மூச்சு இல்லை அது.

ராஜபாளையம் திரும்பி, நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "எங்கம்மாவுக்குச் செஞ்சப்பவும் அப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கை கழுவினார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பியபோது, எப்போதும் இல்லாத வழக்கமாக, என்னோடு தெருமுக்குவரை வந்தார். வேன் வரும்வரை என் பையைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த விடுப்பில் நான் போனபோது அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் கையில் சாப்பிடவில்லை. தம்பி கையிலும் சாப்பிடவில்லை. தம்பி ஊட்டுவதைப் பார்த்தால் எனக்கே பதற்றமாக இருந்தது. ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்ததை நீட்டுவான். அப்பாவுக்குப் புரையேறும். பயந்துபோய்த் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். திருப்பிப் படுக்க வைக்கும்போது, பளு தூக்குகிறவன்போல மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பான். அப்பா கத்துவார். நான் செய்து காட்டுவேன். அவன் என் கையையே பார்ப்பான். திரும்ப அவன் செய்யும்போது அது வேறு ஒன்றாக இருக்கும். உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரியாததால் அவனுக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு புண் வந்தது. ஒரு விடுப்பு நாளில் அப்பாவை என் பக்கமாகத் திருப்பியபோது, முதுகுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் தோல் உரிந்து உள்ளே குழிந்திருந்தது. இது எப்போது வந்தது என்று தம்பியிடம் கேட்டேன். சிவப்பாக இருந்ததாகவும் வேர்க்குரு என்று நினைத்ததாகவும் சொன்னான். சொல்லி முடிக்கவில்லை, சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவனை நான் அப்படி அழுது பார்த்தது அம்மா இறந்த அன்றைக்குத்தான்.

என் கையில் அந்தப் புண் வந்திருக்காது. தம்பிக்கும் அது தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். இதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். இன்றைக்கும் சொல்லிக்கொள்வதில்லை.

மில்லுக்குப் போன் செய்து லீவு கேட்டேன். நாள்தோறும் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஆறிவிடும், ஆனால் நாளாகும் என்றார். இனி மில் வேண்டாம், நமக்கு விதித்தது இதுதான் என்று உள்ளுக்குள் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். தம்பியிடம் சொல்லவில்லையே தவிர, மனசு அங்கே வந்து நின்றுவிட்டது.

ஒரு மத்தியானம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தம்பி கடைக்குப் போயிருந்தான். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகம் தெரியவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக உருட்டி, பேச ஆரம்பித்தார். முதலில் வலியில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும்... வண்டி ஓட்டப் பிடிக்காது," என்றார்.

நான் கையை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து வத்திராயிருப்புக்கு அப்பா ஓட்டிய பஸ்ஸில் ஏறினால் மடியில் தூக்குவாளி வைத்துக்கொண்டு போகலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று பேசிக்கொள்வார்கள். அந்தக் கைக்காகவே முதலாளி அவரை வேறு எங்கும் விடவில்லை. அவர் ஓட்டிய காலம் முழுவதும் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை. நாங்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்.

அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இப்படி வரும். கிளீனராகப் போன இடத்தில் ஒருநாள் சும்மா எடுத்துப் பார்த்திருக்கிறார். வண்டி சொன்னபடி கேட்டிருக்கிறது. நல்ல கை என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சரியென்று உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும்போது அவருக்குப் பயம். பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தன் கையில் என்று நினைப்பு வந்துகொண்டே இருக்கும். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி நிற்கும் நாளில் பிரயாணிகள் ஜன்னல் வழியே காட்டிப் பேசிக்கொள்வார்களாம். இவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ரிட்டையர் ஆன பிறகு அவர் அடிக்கடி வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வருவார். பழைய வேலையை மறக்க முடியாமல் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் மலையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

"அம்புட்டு பேரையும் எறக்கி விட்ட பொறவுதான் எனக்கு மூச்சு வரும்," என்றார்.

அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தார். நான் கட்டை ஒட்டி முடித்தேன். நேராகத் திருப்பிப் படுக்க வைத்தபோது அவர் என்னைப் பார்த்தார். படுத்திருக்கிறவர்களின் வழக்கமான பார்வை இல்லை அது. வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"நீ போ," என்றார். "அவன் பழகட்டும். புண்ணு எனக்குத்தான வருது. நான் பாத்துக்கிடுதேன்."

நான் வெளியே வந்து பின்கட்டில் நின்று அழுதேன். அத்தை போனபோது வராத அழுகையும் சேர்ந்து வந்தது என்று நினைக்கிறேன். புண் மூட ஆரம்பித்த பிறகு மில்லுக்குத் திரும்பினேன்.

தம்பி பழகினான். என்னைப் போல அல்ல, அவனுக்குத் தெரிந்த விதத்தில். திருப்பிப் படுக்க வைக்கும் நேரங்களுக்குப் போனில் அலாரம் வைத்தான். அது அடித்தால் கடையில் யார் நின்றாலும் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான் என்று அவன் மனைவி சொன்னாள். காற்று மெத்தை வாங்கினான். அதன் பம்ப் மோட்டார் கெட்டபோது தானே பிரித்துக் கட்டினான். கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஒரு பெல்ட்டை மாட்டி, அப்பா இடதுகையால் பிடித்துக் கொஞ்சம் எழும்புவதற்கு வழி செய்தான். ஊட்டுவதும் கழுவுவதும் கடைசிவரை அவனுக்குச் சரளமாக வரவில்லை. தலையணையில் கஞ்சி சிந்தியிருக்கும். முகம் மழித்துவிட்டால் எங்காவது ஒரு கீறல் இருக்கும்.

ஆனால் அவன் பேசிக்கொண்டே செய்வான். யார் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது, எந்தக் கிணறு வற்றிவிட்டது, பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று வாய் ஓயாது. தப்பாகச் செய்துவிட்டால், "ஏலே, இது த்ரீ பேஸா சிங்கிள் பேஸான்னு தெரியலையே" என்று தன்னையே திட்டிக்கொள்வான். ஒரு விடுப்பு நாளில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. கோணிய வாயால் வருகிற, தொண்டையில் கரகரக்கிற சிரிப்பு. அப்படியே நின்றுவிட்டேன். என் கையில் இருந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை. அம்மா சிரித்ததில்லை, அத்தை சிரித்ததில்லை. நான் வாயைத் திறக்காமல் செய்கிறவள். வலிக்காமல் செய்வேன், அவ்வளவுதான். உள்ளே என்னை நான் பிடித்து வைத்திருந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

அப்பா அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்தார். இறந்தபோது நான் காலை ஷிஃப்டில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து என் தோளைத் தொட்டு வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். சத்தம் இல்லாத இடத்துக்கு வந்த பிறகுதான் சொன்னார். என் கணவர் கேட்டில் நின்றிருந்தார். பஸ்ஸில் போகும்போது என் தலையிலிருந்த பஞ்சை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பிதான் கூட இருந்திருக்கிறான். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, போதும் என்பதுபோல அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தாராம். பிடி தளர்ந்ததும் தூங்கிவிட்டார் என்று காத்திருந்தவனுக்கு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் போய்விட்டது புரிந்திருக்கிறது. அப்பாவைச் சுத்தம் செய்து, முகம் மழித்து, வெள்ளை வேட்டி உடுத்தி அவனே தயாராக வைத்திருந்தான். தாடையில் ஒரு சின்னக் கீறல் இருந்தது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, அப்பாவுக்குத் தங்கை முறை, என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள். "நீ கூட இருந்து பாத்திருந்தா அண்ணன் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாவ. உன் கை அப்படி." கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

தம்பி அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தான்.

"அக்கா பாத்திருந்தா இருந்திருப்பாருதான் அத்த," என்றான். "ஆனா நான் எங்க அப்பாவப் பாத்திருக்க மாட்டேன்."



காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். இப்போது ராஜபாளையத்திலும் எங்கள் தெருவில் யாராவது படுத்துவிட்டால் என்னைத் தேடி வருகிறார்கள். சில வீடுகளுக்குப் போகிறேன். சில வீடுகளுக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்ன நாட்களில் மனசு உறுத்தாமல் இருப்பதில்லை. உறுத்தலோடு வேலைக்குப் போகவும் பழகிக்கொண்டேன்.

போன மாதம் விடிந்த நேரத்தில் தம்பி போன் செய்தான். அவன் மாமியார் சோழபுரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, அன்றைக்கு அவர்களை மடவார் வளாகத்து வீட்டுக்குக் கூட்டிவரப் போவதாகச் சொன்னான். நான் வேனுக்குக் கிளம்பி நின்றிருந்தேன். என்ன சொல்லி மறுப்பது என்று அதற்குள் மனசு தேட ஆரம்பித்துவிட்டது. சொல்வதற்குக் கஷ்டமாகவும் இருந்தது.

"நீ வரவெல்லாம் வேண்டாம்க்கா," என்றான் அவன். "இடுப்புல ஆபரேஷன் பண்ணுனவியள எந்தப் பக்கமாத் திருப்பணும், அதமட்டும் சொல்லு. இவ பாத்துக்கிடுவா. நான் பிடிச்சுக்கிடுதேன்."

நல்ல பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வைக்க வேண்டும், கால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடக் கூடாது, எதற்கும் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள் என்று சொன்னேன். அவன் நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னான். திருத்தினேன். சரி என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். வேன்காரர் ஹாரன் அடித்தார். செத்த நேரம் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவன் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.